அஞ்சாவது எழுத்து யாரு?

போன மாதம் ஒரு மத்தியானம் திண்டிவனத்திலிருந்து சுதா போன் செய்தாள். நான் பார்த்துவந்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள்தான்.

“மேடம், சேதி தெரியுமா? புது இன்கம்டாக்ஸ் சட்டத்துல அசஸ்மென்ட் இயரைத் தூக்கிட்டாங்க. இனிமே டாக்ஸ் இயர்னு ஒண்ணே ஒண்ணுதான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கும் மேலாக ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கிய விஷயம் அது. சம்பாதித்த வருடம் ஒன்று, அதற்குக் கணக்குச் சொல்லும் வருடம் அடுத்தது, படிவத்தில் எழுத வேண்டியது இரண்டாவது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டிருக்கிறேன். ஒருமுறை ஒரு போர்வெல் மேஸ்திரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இன்னாம்மா நீ, போன வருஷம் துன்ன சோத்துக்கு இந்த வருஷம் ஏப்பம் வுடச் சொல்றியா?” என்றார். அதைவிடத் தெளிவாக நான் ஒருநாளும் சொன்னதில்லை.

சுதா விடவில்லை. “நீங்க பார்த்த கேஸெல்லாம் எழுதிக் குடுங்க மேடம். புதுசா சேர்றவங்க கம்ப்யூட்டரைத்தான் பாக்குறாங்க, எதிர்ல உக்காந்திருக்கிற ஆளைப் பாக்க மாட்டேங்கிறாங்க” என்றாள். எல்லா கேஸையும் எழுத எனக்குக் கை வலிக்கும். ஒன்றை எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஆடிட்டர் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தவள். பி.காம் முடித்த கையோடு விழுப்புரத்தில் ஆடிட்டர் தரணேந்திரன் சாரிடம் போய் நின்றேன். முதல் மூன்று வருடம் தட்டச்சு, அடுத்த மூன்று வருடம் வவுச்சர், அதன் பிறகு ரிட்டர்ன். அதற்குள் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். பிறகு திண்டிவனத்தில் ஒரு கிளை திறந்து, “ரோஸ்லின், நீ அங்க பாத்துக்கோம்மா” என்று சார் சாவியைக் கையில் கொடுத்தார். படித்த பாடம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவரைப் பார்த்துக் கற்றது.

சார் மேல்சித்தாமூர் பக்கத்து சமணக் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடமாட்டார். அதனால் மாலை ஐந்தரைக்கு இரண்டாவது டப்பாவைத் திறந்துவிடுவார். ஆறு மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும். ஜூலை கடைசியில் ஊரிலுள்ள மற்ற ஆபீஸ்களெல்லாம் ராத்திரி முழுக்க விழித்திருக்கும்போதும் எங்களுக்கு ஆறு மணிதான். “கடைசி நாள்னு ஒண்ணு வரும்னு சித்திரையிலேயே தெரியுமே, அப்ப இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?” என்று கட்சிக்காரர்களைக் கேட்பார். கோபத்தோடு கேட்கமாட்டார்; நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரி கேட்பார். அவர்களும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அந்த ஆசை எனக்கும் ஒட்டிக்கொண்டது. பிறத்தியார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்துகொள்வதைவிட, பிறத்தியார் என்ன வேலை செய்து பிழைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் எனக்குப் பித்து. தனி ஆளாகத் தொழில் செய்கிறவர்களின் ரிட்டர்னில் தொழிலுக்கு ஓர் எண் போட வேண்டும். அரசாங்கம் ஒரு நீளப் பட்டியல் கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் அடங்காதவர்கள் வந்தால் எனக்கு அன்றைக்குத் திருவிழா. அவர்கள் எல்லோருக்கும் கடைசியில் ‘வேறெங்கும் வகைப்படுத்தப்படாதவை’ என்று ஒரு வரி இருக்கிறது. என் சிநேகிதர்கள் பாதிப்பேர் அந்த வரியில் வந்தவர்கள்தான்.

முகையூர்க்காரர் ஒருவர் வந்தார். தொழில் என்னவென்று கேட்டால், “குரல் குடுக்குறேன்மா” என்றார். புரியவில்லை. தெருவில் வண்டி ஒலிபெருக்கியில் வருமே, அந்தக் குரல். தள்ளுவண்டிக்காரர்கள், துணிக்கடைக்காரர்கள், உரக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் பேசிப் பதிவு செய்து அனுப்புவாராம். சார் உள்ளறையிலிருந்து எழுந்து வந்து, “எங்க, ஒண்ணு சொல்லுங்க கேப்போம்” என்றார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மல்லாட்டை மல்லாட்டை மல்லாட்டேய்… அவிச்ச மல்லாட்டை!” என்று ஒரு இழுப்பு இழுத்தார். அது எங்கள் தெருவுக்கு வரும் வேர்க்கடலை வண்டியில் ஐந்து வருடமாக நான் தினம் கேட்கும் குரல்! கீழே டீக்கடையிலிருந்து ஒரு ஆள் உண்மையிலேயே மல்லாட்டை வாங்க மாடி ஏறி வந்துவிட்டார்.

இப்படிப்பட்டவர்களுக்கான படிவத்தின் பெயர் ‘சுகம்’. வடமொழியில் எளிது என்று அர்த்தமாம். நம் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் கட்சிக்காரர்கள், “சுகந்தான் மேடம், நீங்க எப்படி இருக்கீங்க?” என்பார்கள்.

சாருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. புது ஆள் வந்தால் பான் கார்டை வாங்கி, ஜாதகம் பார்ப்பவரைப் போல் கொஞ்ச நேரம் பார்ப்பார். வருமானம் எவ்வளவு என்று கேட்கமாட்டார். “அஞ்சாவது எழுத்து யாரு?” என்று கேட்பார்.

பான் எண்ணில் முதல் ஐந்தும் ஆங்கில எழுத்துகள். நாலாவது எழுத்து ‘பி’ என்றால் தனி மனிதர். ஐந்தாவது எழுத்து, அந்த மனிதருடைய குடும்பப் பெயரின் முதல் எழுத்து. வடக்கே அது சரி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருப்பதால் எல்லோரும் இனிஷியலை விரித்து அப்பா பெயரையோ புருஷன் பெயரையோ அதில் எழுதிவிடுகிறோம். அந்த எழுத்து எண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிற்பாடு பெயரை மாற்றலாம், விலாசத்தை மாற்றலாம், எண் மாறாது.

சாரின் கேள்விக்கு ஆண்கள் “எங்கப்பாரு” என்பார்கள். பெண்கள் கொஞ்சம் யோசித்து, “வூட்டுக்காரரு” என்பார்கள். அந்த ஒரு பதிலிலேயே கார்டு எப்போது எடுத்தது, ஓடிபி யார் போனுக்கு வரும், சொத்து யார் பேரில் இருக்கும் என்று சார் முக்கால்வாசி தெரிந்துகொள்வார். பேச்சுக் கொடுப்பதற்காகக் கேட்கிறார் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். கலையரசி வந்த பிறகுதான் அந்தக் கேள்வியின் அருமை எனக்கு உறைத்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடை அது. சாருக்கு வயதாகி, விழுப்புரத்தில் வீட்டோடு இருந்தார். மகன் ஆபீசைப் பார்த்துக்கொண்டார். திண்டிவனத்தில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே படிக்கட்டில் ஒரு பெண் கையில் பைலோடு நின்றுகொண்டிருந்தாள். முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயது இருக்கும்.

“மேடம், பத்து பர்சென்ட் புடிச்சிக்கினு இருந்தாங்க. இப்ப இருபது புடிக்கிறாங்க. கேட்டா, உன் பான் செத்துப்போச்சுன்னு சொல்றாங்க. நான் உயிரோடதானே இருக்கேன்?”

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கலையரசி ஒலக்கூர் பக்கத்துப் பெண். பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் வரைகிறாள். சென்னையில் ஒரு கம்பெனி வேலை அனுப்பும். இவள் வரைந்து அனுப்புவாள். சம்பளக்காரி அல்ல, தனித் தொழில். அவர்கள் ஒவ்வொரு பில்லிலும் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

எனக்கு வழக்கம்போல் ஆசை தாங்கவில்லை. வரைந்ததைக் காட்டச் சொன்னேன். பைலில் இருந்த ஒரு தாளை விரித்தாள். இரண்டு ரூம், தென்கிழக்கில் சமையல்கட்டு, வடக்குப் பார்த்த ஜன்னல், அதன் கீழே ஒரு மேஜை. தாளின் வலது கீழ்மூலையில் உரிமையாளர் பெயர் எழுதும் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“இது யாருக்கு?”

“எனக்குத்தான் மேடம்.”

அவள் கணவன் கருணாகரன் நாலு வருடத்துக்கு முன்பு அவளையும் பெண் குழந்தையையும் விட்டுவிட்டுப் போய்விட்டான். விவாகரத்தும் ஆகிவிட்டது. வாடகை ஒண்டுக்குடித்தனத்தில் இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் வீடு வரைந்துகொண்டிருந்தாள். இப்போது சின்னதாக ஒரு மனை அமைந்திருக்கிறது. சேமிப்பு முழுவதையும் அட்வான்சாகக் கொடுத்துவிட்டாள். மீதிக்கும் கட்டுவதற்கும் வங்கிக் கடன். மனைக்காரர், “ஆடி பொறக்கறதுக்குள்ள பத்திரம் முடிச்சிடணும். இல்லன்னா வேற பார்ட்டிக்குக் குடுத்துடுவேன், அட்வான்ஸும் கெடையாது” என்று எழுதியே வாங்கிவிட்டார். சித்திரை முடியப் போகிறது. நடுவில் இரண்டே மாதம்.

வங்கியோ கடன் தரமாட்டேன் என்கிறது. காரணம் அந்தப் பைலின் அடியில் இருந்தது. இரண்டு பான் கார்டுகள்.

“ரெண்டு ஏம்மா?”

“கல்யாணம் ஆயிடுச்சில்ல மேடம்? இனிஷியல் மாறிடுச்சி. அதான் புதுசா எடுத்தோம்.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ரேஷன் கார்டில் பெயரை நீக்கிப் புதுக் குடும்பத்தில் சேர்ப்பதைப் போல இதையும் நினைத்துவிட்டார்கள். பான் அப்படியில்லை, பிறந்த மச்சம் மாதிரி, ஆளுக்கு ஒன்றுதான். இரண்டு வைத்திருந்தால் பத்தாயிரம் ரூபாய் அபராதம்.

மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்பு எடுத்த கார்டில் சுந்தரம் கலையரசி, அப்பா இனிஷியல். அந்த எண்ணைத்தான் கம்பெனிக்குக் கொடுத்திருந்தாள். பிடித்த வரி முழுவதும் அதில் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த எண் ஆதாரோடு இணைக்கப்படாததால் செயலிழந்துவிட்டது, அதனால்தான் இருபது. பின்பு எடுத்த கார்டில் கருணாகரன் கலையரசி. வங்கிக் கணக்கு அதில், ஆதார் இணைப்பு அதில், ஒரு பிரவுசிங் சென்டரில் மூன்று வருடமாகப் போட்ட ரிட்டர்னும் அதில்.

ஆக, வருமான வரித் துறையின் கண்ணுக்கு இரண்டு கலையரசிகள். ஒருத்தி சம்பாதித்து வரியும் பிடிக்கப்பட்டு, ரிட்டர்னே போடாமல் பதுங்கியிருக்கிறாள்; அவளுக்கு ஒலக்கூர் விலாசத்தில் நோட்டீஸ் போயிருக்கிறது. இன்னொருத்தி ஒழுங்காக ரிட்டர்ன் போடுகிறாள், ஆனால் அவளுக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்பதற்குச் சான்றில்லை. “மொதல்ல ரெண்டையும் ஒண்ணாக்கிட்டு வாங்க” என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. புதிய எண்ணை வைத்துக்கொண்டு பழையதை ஒப்படைக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் தங்கள் கணக்கில் எண்ணைத் திருத்த வேண்டும். மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் முகம் மாறியதை நான் கவனிக்கவில்லை. எதிரில் இருக்கிற ஆளைப் பார் என்று இன்றைக்கு உபதேசம் செய்கிற நானேதான்!

“மேடம், பழசை வச்சிக்கினு புதுசைக் குடுத்துட முடியாதா?”

“முடியும். ஆனா மூணு வருஷ ரிட்டர்னும் புது நம்பர்ல இருக்கு. அதையெல்லாம் திரும்பச் செய்யணும். ஆடிக்குள்ள நடக்காதும்மா.”

பழைய கார்டைக் கையில் எடுத்தாள். முனையெல்லாம் மழுங்கியிருந்தது.

“மொத வேலை கெடைச்சப்ப எங்கப்பா என்னைக் கூட்டிக்கினு போயி எடுத்தது மேடம். கூலி வேலைக்குப் போறவரு. அன்னிக்கி வேலைக்கிப் போகாம, வெள்ளச் சட்டை போட்டுக்கினு என்கூட வந்தாரு. இப்ப அவரும் இல்ல. அவரு பேரு இருக்கிற கார்டைக் குடுத்துட்டு, விட்டுட்டுப் போனவன் பேரு இருக்கிறதை வச்சிக்கணுமா?”

“பேரை மாத்திடலாம்மா” என்று சமாதானம் சொன்னேன். பான் பற்றி எங்கெங்கோ படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். “பேரு போயிடும், அந்த கே போவாதே மேடம். அஞ்சாவது எழுத்து. நான் சாவுற வரைக்கும் அவன் எழுத்து என் நம்பர்ல இருக்குமே” என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று பைலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் வரவில்லை. எனக்கு அவள் மேல் எரிச்சல்கூட வந்தது. வீடு பெரிதா, எழுத்து பெரிதா? அட்வான்ஸ் போய்விட்டால் அந்த எழுத்தா வந்து வாடகை கொடுக்கும்? எரிச்சல் அடங்கியதும் வேறொரு கேள்வி குடைந்தது. முப்பது வருடமாக எத்தனை பெண்களுக்கு இந்தக் கட்டத்தை நானே நிரப்பியிருக்கிறேன்? ஒருத்தியையாவது கேட்டிருக்கிறேனா?

சாருக்குப் போன் போட்டேன். மணி ஐந்து, அவர் சாப்பிட உட்கார்வதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பழைய கேள்வியையே கேட்டார்.

“அஞ்சாவது எழுத்து யாரு?”

“அதான் சொன்னேனே சார். புருஷன் எழுத்து. கே.”

“நான் உன்னைக் கேக்கலம்மா. அந்தப் பொண்ணைக் கேளு. ஆதார்ல பேரு எப்படி இருக்குன்னும் பாரு. ஜல்தியா பாரு, எனக்குப் பசிக்குது.”

மறுநாள் நானே கலையரசியைக் கூப்பிட்டேன். வந்தாள். ஆதாரை வாங்கிப் பார்த்தேன். வெறும் கலையரசி, நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு இருப்பதைப் போல இனிஷியலே இல்லை. பான் பெயரைத் திருத்தினால் அது ஆதார்ப் பெயரோடு ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் அப்பா பெயரும் வேண்டாம், புருஷன் பெயரும் வேண்டாம். திருத்தப் படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நான் நிரப்பவில்லை. பேனாவை அவளிடமே கொடுத்தேன்.

“மூணு கட்டம் இருக்கு. முதல் பேரு, நடுப் பேரு, கடைசிப் பேரு. ஒத்தைப் பேருக்காரங்க கடைசிப் பேர்லதான் எழுதணும். மத்ததைக் காலியா வுட்டுடு.”

வரைபடக்காரியின் கையெழுத்து. கட்டத்துக்கு ஒரு எழுத்தாக, கோட்டில் படாமல் எழுதினாள். முதல் கட்டத்தில் கே. அடுத்து ஏ. எழுதி முடித்துவிட்டு, பேனாவை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நான் சாரின் கேள்வியைக் கேட்டேன். “அஞ்சாவது எழுத்து யாரும்மா?”

புதுக் கார்டைப் பார்த்தாள். படிவத்தைப் பார்த்தாள். மறுபடியும் கார்டைப் பார்த்தாள். கடைசிப் பெயரின் முதல் எழுத்து.

“மேடம்,” என்றாள். “நான்தான்.”

எண் அதே எண்தான், எழுத்தும் அதே எழுத்துதான். எழுத்துக்குச் சொந்தக்காரர்தான் மாறிவிட்டார். இத்தனை வருடம் அந்த எண்களைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடி பவர் ஏறிய எனக்கு அது தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

அதற்கப்புறம் எல்லாம் அலைச்சல்தான். கம்பெனிக் கணக்கர் முதல் இரண்டு போனுக்கு, “பேஜாரு புடிச்ச வேலை மேடம் இது, எத்தினி குவார்ட்டர் கணக்கைத் திருத்தணும் தெரியுமா?” என்று சலித்துக்கொண்டார். மூன்றாவது போனில், அவருடைய மனைவி கார்டில் ஐந்தாவது எழுத்து யார் என்று கேட்டேன். பத்து நாளில் திருத்தி அனுப்பிவிட்டார்.

பழைய கார்டை ஒப்படைக்க விழுப்புரம் வருமான வரி அலுவலகத்துக்கு நானும் போனேன். அதிகாரி வடக்கத்திக்காரர், இளைஞர். இரண்டு கார்டையும் வைத்துக்கொண்டு, ஒரே பெண்ணுக்கு ஏன் இரண்டு குடும்பப் பெயர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பாவின் பெயரே இனிஷியல், கல்யாணத்தில் அது மாறும், பிள்ளைக்கு வேறு வரும் என்று விளக்கினேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அப்படியானால் தாத்தா பெயர்?” என்றார். தாத்தாவோடு போய்விடும் என்றேன். தாளில் வம்ச மரம் மாதிரி வரைந்து பார்த்துக்கொண்டார். ஒருத்தருக்கொருத்தர் சளைக்காத அளவுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் ஆர்வம். கடைசியில், தெரியாமல் நடந்தது, தானாக வந்து ஒப்படைக்கிறார் என்று குறித்துக்கொண்டு, அபராதம் போடாமல் அனுப்பினார்.

கொடுப்பதற்கு முன்னால் கலையரசி பழைய கார்டைப் புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள். நகல் எடுத்து வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். “போட்டோவே புடிச்சி வச்சிருக்கேன் மேடம், அப்பா பேரு எழுத்து நல்லாத் தெரியற மாதிரி” என்றாள்.

ஆனி கடைசி வாரம் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட அவள் வங்கிக்குப் போனாள். எனக்கும் பார்க்க ஆசை, கூடப் போனேன். கடன் பிரிவில் ஒரு பெரியவர் தாள் தாளாகப் புரட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். அவளும் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசித் தாளாக அந்த வரைபடம். வலது கீழ்மூலைக் கட்டம் இப்போது காலியாக இல்லை. பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைப் படித்தார். பேனாவை அவள் பக்கமாக நீட்டினார்.

“இனிஷியல் விட்டுப்போச்சும்மா.”

“விட்டுப்போகல சார்,” என்றாள் கலையரசி. “விட்டுட்டேன்.”